கோட்டையில் ஒரு தேங்காய்த் துருவி

27 ஜனவரி 2025, திங்கள்

மெஸ்ஸில் இன்று முட்டைக்கோஸ். கொடைக்கானல் குளிருக்கு ஒவ்வொன்றும் கல்லாகக் கிடந்தது. பதினாறு வருஷமாக இந்தப் பள்ளிக்கூட மெஸ்ஸில் காய் நறுக்குகிறேன், வெங்காயம் உரிக்கிறேன். அடுப்புப் பக்கம் போக விட்டதில்லை. கூட்டில் உப்பு குறைவு என்று சொன்னேன். "நீ நறுக்குறதோட நில்லும்மா" என்றார் பெரிய சமையல்காரர். பிள்ளைகள் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான்.

மதியம் மகள் சத்தியா போன் செய்தாள். கோயம்புத்தூரில் அவள் தங்கி வேலைக்குப் போகும் லேடீஸ் ஹாஸ்டலில் சமையலறையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். தீபாவளிக்கு நான் கொடுத்துவிட்ட தேங்காய் ரொட்டியையும், துருவிய தேங்காயில் காரமாக இடித்த சம்பலையும் வார்டன் அம்மா ருசி பார்த்திருக்கிறார். "உங்கம்மா வருவாங்களான்னு கேக்குறாங்கம்மா. அடுப்பு, சாமான், ஆளு எல்லாம் உன் பொறுப்பு. நீ சொல்றதுதான் மெனு." பிப்ரவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

நான் சொல்வதுதான் மெனு! சாயங்காலம் வரை அதையே நினைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன் போல, பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்தவள் "என்னக்கா, லாட்டரியா?" என்று கேட்டாள்.

ஆனால் சத்தியாவின் அப்பா? அவரை இங்கே விட்டுவிட்டுப் போவதா? இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

29 ஜனவரி

மகேந்திரன் என்று பெயர் வைத்த மாமனார், மகனுக்கு வாயையும் சேர்த்து வைத்திருக்கலாம். பகலெல்லாம் ஜீப்பில் டூரிஸ்ட்டுகளிடம் பேசித் தீர்த்துவிட்டு, வீட்டு வாசலில் செருப்போடு பேச்சையும் கழற்றி வைத்துவிட்டு வருகிறார். எனக்கு மிஞ்சுவது 'ம்'. சோறு போடவா? ம். மழை வருமா? ம். வீடு பற்றி எரிகிறது என்றாலும் அதேதான்.

இன்று போனை வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டார். ஒரு பெண் மதுரையிலிருந்து கூப்பிட்டாள். "அண்ணன் சொன்ன கோட்டைக் கதையத்தான் எங்க பாப்பா தினம் சொல்லிட்டிருக்கா. நீங்க குடுத்து வச்சவங்கக்கா. வீட்ல தினம் கதைதான் போல."

அந்தக் கோட்டைக் கதை பற்றி மற்ற டிரைவர்கள் சொல்லவும் கேட்டிருக்கிறேன். கூக்கால் ரோட்டில் ஒரு வளைவில் ஜீப்பை நிறுத்தி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தெரியும் இடிந்த கோட்டையைக் காட்டிச் சொல்வாராம். ஊரே கேட்ட கதை. ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன்.

"அதெல்லாம் டூரிஸ்ட்டுக்கு" என்றார்.

இந்த மனுஷனுக்காகவா யோசிக்கிறேன்?

31 ஜனவரி

சத்தியா ஒரு வேலை செய்திருக்கிறாள். அடுத்த வாரம் எங்கள் கல்யாண நாள், இருபத்தைந்தாவது. அதற்கு அதே கோட்டைக்குப் பக்கத்தில், வேலப்பன் என்பவருடைய பூண்டுத் தோட்டத்தில் எங்களுக்கு டென்ட் போட்டுத் தங்கப் பணம் கட்டிவிட்டாள். இரண்டு ராத்திரி. "ரெண்டு பேரும் போயே ஆகணும், பணம் திரும்பத் தரமாட்டாங்க."

அவர் நெடுநேரம் யோசித்து ஒரு முழு வாக்கியம் பேசினார். "வீடு இருக்கையில எதுக்குத் துணிக்குள்ள படுக்கணும்?"

கேம்ப் என்ற பேச்சே எங்கள் ஆட்களுக்கு ஆகாது. சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து மண்டபம் கேம்பில் வரிசையில் நின்றவர்கள் நாங்கள். இப்போது பணம் கட்டி கேம்புக்குப் போகிறோம் என்றால் அம்மா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். கப்பல் ஏறும்போது எனக்கு ஆறு வயது. என் மடியில் வீட்டு இரும்புத் தேங்காய்த் துருவியை வைத்து, "இதை மட்டும் விட்றாத" என்றாள் அம்மா. இராமேஸ்வரம் வரை மடியை விட்டு இறக்கவில்லை. கேம்பிலும் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்கினேன். இதைக் கல்யாணமான புதிதில் அவரிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். சத்தியாவுக்குக்கூடத் தெரியாது.

அப்போதும் 'ம்' என்றுதான் சொன்னார்.

3 பிப்ரவரி

போர்வை, கம்பளிக் குல்லா, தேயிலை, கருப்பட்டி. கருப்பட்டி இல்லாமல் எனக்குத் தேத்தண்ணி இறங்காது. உள்ளங்கையில் வைத்து ஒரு கடி, வெறும் தேத்தண்ணி ஒரு மிடறு. மெஸ்ஸில் இதைப் பார்த்து இன்றைக்கும் சிரிக்கிறார்கள்.

கோயம்புத்தூர் விஷயத்தை அங்கே வைத்துச் சொல்லிவிட வேண்டும். "போ" என்பாரா, "போகாதே" என்பாரா? 'ம்' என்றால் அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவேன். சத்தியமாக.

4 பிப்ரவரி, செவ்வாய், டென்ட்டுக்குள்ளிருந்து

அவருடைய ஜீப்பில் முதல் தடவையாக முன் சீட்டில் உட்கார்ந்து ஊர் பார்த்தேன். பூம்பாறை தாண்டியதும் பழக்கதோஷத்தில், "ரைட் சைடுல பாருங்க மேடம்" என்றார். நானும் விடாமல், "எவ்ளோ அழகு டிரைவர்" என்றேன். காது சிவந்துபோயிற்று அவருக்கு.

அந்த வளைவில் நிறுத்தினார். பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் கோட்டை. கோட்டை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பாதிச் சுவர், ஒரு மொட்டை வாசல், வானம் தெரிகிற ஒரு ஜன்னல். ஆனாலும் மஞ்சள் வெயிலில் பார்க்க நன்றாக இருந்தது. அந்த நேரம் அஜய் என்கிற டிரைவர் பையன் ஒரு குடும்பத்தோடு வந்து நிறுத்தினான். இவரைக் கவனிக்கவில்லை. "அங்க ஒரு ராணி இருந்தாங்க சார். கடல் தாண்டி வந்தவங்க" என்று ஆரம்பித்தான்.

இவர் என் கையைப் பிடித்து இழுக்காத குறைதான். "ஏறு, ஏறு. வெரசாப் போகணும்."

எதற்கு இந்த அவசரம்? டென்ட் ஓடியா போய்விடும்?

வேலப்பன் அண்ணன் பூண்டு விவசாயி. இரண்டு வருஷமாகத்தான் தோட்ட ஓரத்தில் டென்ட் போட்டு விடுகிறார். அவர் மனைவி பிச்சையம்மாள் சமையல். வீட்டு விட்டமெல்லாம் பூண்டு கட்டித் தொங்குகிறது, கீழே புகை போட்டிருக்கிறார்கள். என் சேலையெல்லாம் அந்த வாசனை. டென்ட் முளைகளை இவர் ஜீப் டயரைத் தட்டுவது போல ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "நட்டு வச்சது நாங்கதாங்க, தாங்கும்" என்று வேலப்பன் அண்ணன் சிரித்தார்.

இன்று சொல்லவில்லை. நாளை.

5 பிப்ரவரி, புதன்

எங்கள் கல்யாண நாள்.

வெள்ளனே கஞ்சி குடித்துவிட்டு நால்வரும் கோட்டைக்கு ஏறினோம். மொட்டை வாசலுக்கு முன்னால் பிச்சையம்மாள் நின்றுவிட்டாள். "இங்கன செருப்பக் கழட்டிருங்கக்கா. ராணி இருக்கா."

எனக்குச் செருப்பு. இவருக்கு ஷூ. ஒரு கல்லில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார், அவிழ்த்தார், அவிழ்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே வர இஷ்டமில்லை என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

உள்ளே புல் முளைத்த முற்றம். ஜன்னலுக்குக் கீழே ஒரு கல், அதன் மேல் மஞ்சள் பூசி ஒரு அகல் விளக்கு. வேலப்பன் அண்ணன் சொன்னது:

"எங்களுக்கு இது மாட்டுக் கோட்டைங்க. மழைக்கு மாடு கட்டுவோம். யாரு கட்டுனது, எப்பக் கட்டுனது, ஒருத்தருக்கும் தெரியாது. ராணி கதையே டென்ட்டுக்கு வர்ற ஆளுக சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நம்ம மலையில ஒரு ராணி இருந்த எடத்துல மாட்டக் கட்டிப்புட்டமேன்னு இவளுக்கு மனசு கேக்கல. வெளக்கு வச்சுட்டா. நீங்களும் ஜீப்பு ஓட்டுறவருதான, உங்களுக்குத் தெரியாத கதையா?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் இவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"எனக்குத் தெரியாதுண்ணே. சொல்லுங்க" என்றேன்.

"கடல் தாண்டி வந்த ராணிங்க. சின்னப் பிள்ளையில கப்பல்ல வரையில, மடியில ஒரு தங்கத் தேங்காய்த் துருவி. ஊரு வந்து சேருற வரைக்கும் அதக் கீழ வைக்கலையாம்."

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"போன வருசம் எங்க ஊருல ராமருன்னு ஒருத்தன் அந்தத் துருவியத் தேடி இந்த முத்தத்தத் தோண்டிட்டானுங்க. அந்தா பாருங்க குழி. கெடச்சது ஒரு மாட்டு மணி."

குழியைப் பார்த்தேன். இவரைப் பார்த்தேன். இவர் அந்தச் சுவரை விலைக்கு வாங்கப் போகிறவர் போலக் கல் கல்லாக ஆராய்ந்துகொண்டிருந்தார். தங்கத் துருவி! வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கால் ஆடிக்கொண்டு கிடக்கிறது அது.

பிச்சையம்மாள் மீதியைச் சொன்னாள். ராணி ஏதோ மூலிகைத் தண்ணி குடிப்பாளாம், இனிப்பை அதில் போடாமல் உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொள்வாளாம். எவ்வளவு குளிரானாலும் ஒரு காலைப் போர்வைக்கு வெளியே நீட்டித்தான் தூங்குவாளாம். வேலை செய்யும்போது தனக்குள் பாடுவாளாம், யாராவது பார்த்துவிட்டால் நிறுத்திவிடுவாளாம். அதனால் ராஜா கதவுக்குப் பின்னால் நின்றுதான் கேட்பாராம்.

கதவுக்குப் பின்னாலா? எந்தக் கதவு? நம் வீட்டில் இருப்பதே ஒரு கதவு!

எனக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தைந்து வருஷம் இந்த மனுஷன் ஒன்றையும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேனே.

"கடைசியில என்னண்ணே ஆச்சு?"

"முன்னாடியெல்லாம் ராசாவும் ராணியும் கடைசி வரைக்கும் இங்கனயே நல்லா இருந்தாகன்னுதான் சொல்லுவாக. போன சனிக்கிழமை வந்த காலேஜ் பிள்ளைக வேற மாதிரி சொல்லுதுக. கீழ ஊர்ல பெரிய அரமனையிலிருந்து ஓலை வந்துச்சாம், அடுக்களைய வந்து நீங்கதான் பாக்கணும்னு. ராணி போயிட்டாகளாம். ராசா இந்தச் சன்னல்ல உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்தாராம். சரியாச் சோறுகூடத் திங்கலையாம்."

சனிக்கிழமை. சத்தியா என்னிடம் சொன்ன வாரம்.

தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது இவருக்கு, சத்தியாதான் சொல்லியிருப்பாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, போய் யாரோ காலேஜ் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். என்ன மனுஷன் இவர்! எனக்கு வந்த கோபத்துக்கு ராமர் தோண்டிய குழியிலேயே தள்ளிவிட்டிருப்பேன்.

பிச்சையம்மாள் விளக்கு ஏற்றிவிட்டு, "நீங்களும் கடல் தாண்டி வந்த ஆளுன்னு நேத்துச் சொன்னீகளேக்கா. ராணிக்கு வேற என்ன பிடிக்கும்னு உங்களுக்குத் தோணுது? செவ்வாய், வெள்ளியில செஞ்சு வைக்கலாம்" என்றாள்.

"தேங்காய் ரொட்டி பிடிக்கும். காரமா சம்பல் பிடிக்கும்" என்றேன். "எல்லாத்துக்கும் மேல பேச்சு பிடிக்கும். ராஜா வாயைத் தெறந்து நாலு வார்த்தை பேசினா, ராணி ஏன் ரோட்டுல போறா?"

இவர் ஷூ போட வெளியே போய்விட்டார். அதைக் கட்ட அரை மணி நேரம்.

6 பிப்ரவரி, வியாழன்

காலையில் தனியாகக் கோட்டைக்கு ஏறினேன். பின்னாலேயே காலடிச் சத்தம் கேட்டது. இன்று ஷூ இல்லை, பனியில் வெறுங்காலோடு வந்திருக்கிறார். ஜன்னல் திட்டில் நான் உட்கார்ந்தேன், இவர் நின்றார். நானே ஆரம்பித்தேன்.

"எனக்குச் சொல்லாத கதைய ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க."

"உனக்கு எப்படிச் சொல்றது? உன்னைப் பத்தித்தானே."

"துருவி இரும்பு."

"இரும்புன்னா டூரிஸ்ட்டு திரும்பிப் பாக்க மாட்டான். தங்கம்னு சொல்லிப் பாத்தேன், அன்னைக்கு ஒரு ஜீப்பே கைதட்டிச்சு. மத்த டிரைவருங்க கேட்டுக் கேட்டு அவங்களும் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. இந்தம்மா வெளக்கு வைப்பாங்கன்னு நான் கண்டேனா? இங்க எனக்கே செருப்பைக் கழட்டச் சொல்றாங்க."

அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். சிரித்த வாயோடு கேட்டுவிட்டேன்: "கோயம்புத்தூருக்குப் போகாதேன்னு சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?"

ஜன்னல் கல்லிலிருந்த பாசியை நகத்தால் சுரண்டினார். சரி, இதுவும் 'ம்' கணக்குத்தான் என்று எழுந்தேன்.

"சொன்னா நீ போகமாட்டே" என்றார். "அதான் சொல்லலை."

அழுதேன். எனக்கு நானே எழுதுவதில் மறைக்க என்ன இருக்கிறது, நன்றாக அழுதேன். வேண்டாம், நான் எங்கேயும் போகவில்லை என்றுகூடச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"அந்தக் கூட்டுல உப்பு கம்மின்னு நீ சொல்லிச் சொல்லி வாய் வலிச்சது போதும். போயி உன் கையால உப்புப் போடு. பிடிக்கலைன்னா ஜீப்பு இருக்கு, வந்து ஏத்திக்கிட்டு வந்துடுறேன்."

இருபத்தைந்து வருஷத்தில் ஒரே மூச்சில் இவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு இதுதான் என்று நினைக்கிறேன். போகத்தான் போகிறேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். ஆனால் சும்மா விடுவேனா? தினம் சாயங்காலம் போன் செய்ய வேண்டும், 'ம்' போடக்கூடாது என்றேன்.

"போன்ல என்ன பேசுறது?"

"ராணி போனதுக்கப்புறம் ராஜா என்ன செஞ்சாருன்னு சொல்லுங்க."

கிளம்பும்போது பிச்சையம்மாள் மாலையாகக் கட்டிய பூண்டு கொடுத்தாள். அவளிடம் உண்மையைச் சொல்லவா என்று இவர் கண்ணால் கேட்டார். வேண்டாம் என்றேன். வெள்ளிக்கிழமை தேங்காய் ரொட்டி சுடப் போகிறாள். அதைக் கெடுப்பானேன்?

7 பிப்ரவரி

மெஸ்ஸில் சொல்லிவிட்டேன். பெரிய சமையல்காரர், "உங்க கையால எனக்கு ஒருநாள் சம்பல் குடுத்திருக்கலாமே" என்றார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

9 மார்ச், கோயம்புத்தூர்

எத்தனை பெரிய அடுப்பு! முதல் நாள் பயத்தில் சாம்பாரில் உப்பை அதிகமாகப் போட்டுவிட்டேன். நான்! சத்தியா அன்று முழுவதும் என்னைக் கேலி செய்தாள். இப்போது கை வந்துவிட்டது. பிள்ளைகள் தட்டில் மீதி வைப்பதில்லை. சம்பல் மட்டும் சரியாக வரவில்லை. இங்கே தேங்காய்க்கு மெஷின், துருவல் மாவாக விழுகிறது. வீட்டுத் துருவியைக் கொண்டுவரலாம் என்றால் அதன் கால் ஆடுகிறது. போனில் அவரிடம் புலம்பினேன்.

ராஜா இன்று ரசம் வைத்தாராம். மந்திரிகள் யாரும் சாப்பிட வரவில்லையாம்.

2 ஏப்ரல்

ராஜா துணி துவைத்தாராம். ராணியின் பழைய சிவப்புச் சேலையின் சாயம் ஏறி ராஜாவின் சட்டையெல்லாம் ரோஸ் கலராம். இனி அதைப் போட்டுக்கொண்டுதான் ஜீப் ஓட்டுவாராம். சமையலறையில் தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

18 மே

சீசன். அவருக்கு ஓயாத சவாரி. ஆனாலும் போன் தவறவில்லை. "ராணி இன்னைக்கு என்ன சமைச்சா? சீக்கிரம் சொல்லு, நாளைக்கு ஜீப்புல கேப்பாங்க" என்கிறார். தக்காளி சாதம், அவித்த முட்டை என்றேன். பாவம் டூரிஸ்ட்டுகள்.

ராணி திரும்பி வருவாளா என்று ஒரு சின்னப் பெண் கேட்டதாம். "அது ராணி இஷ்டம் பாப்பா" என்று சொன்னாராம்.

மறுபடி கேட்டேன், என்ன சொன்னீங்க என்று. காதில் விழாத மாதிரி. மறுபடியும் சொன்னார்.

15 ஜூன், ஞாயிறு

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். வாட்ச்மேன் திருமலைச்சாமி அண்ணன் வந்து, "கேட்டுல ஒரு ஆளு நிக்கிறாரும்மா. யாருன்னு கேட்டா 'ம்'ங்கிறாரு. வேற ஒண்ணும் பேச மாட்டேங்கிறாரு" என்றார். அடுப்பை அணைக்கக்கூட நிற்காமல் ஓடினேன்.

ரோஸ் கலர் சட்டை. ஜீப்பை சர்வீஸுக்கு விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்திருக்கிறார். கையில் சாக்குத் துணியில் சுற்றிய ஒன்று. வாங்கிப் பிரித்தேன். துருவி. ஆடிய காலை வெல்டிங் வைத்து, துரு தேய்த்து, எண்ணெய் பூசி இருந்தது. தரையில் வைத்து அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை.

பலகாரக் கடைப் பையிலிருந்து கருப்பட்டியும் எடுத்தார். அடுக்களை வாசலில் உட்கார்ந்து இரண்டு பேரும் உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். அதன் பிறகுதான் வாய் திறந்தது. பழனி, உடுமலை, கூட்டம், பக்கத்து சீட்டுக்காரன் தூங்கித் தோளில் விழுந்தது, எல்லாம் சொன்னார். சாமானைக் கீழே வைக்கச் சொல்லிக் கண்டக்டர் சத்தம் போட்டாராம். இவர் கேட்கவில்லை. மலையிலிருந்து இங்கே வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

நாளைக்குச் சம்பல்.